ஆயுத பூஜை அடுக்கு

சேர்மன் இன்னும் வரவில்லை. வந்துகொண்டே இருக்கிறாராம். ஊருக்கு வெளியே ரயில்வே கேட்டில் நிற்கிறாராம், கேட் திறந்ததும் வந்துவிடுவாராம், இதையே மைக்கில் சொல்லிச் சொல்லி தயாபரன் சாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கட்டட்டும். ஷாமியானா ஒரு மூலையில் தண்ணீர் கோத்துத் தொங்குகிறது, யாராவது ஒரு கழியால் தட்டினால் முன்வரிசைக்கு முழுக்குத்தான், தட்ட மாட்டார்களா என்று இருக்கிறது எனக்கு. இரண்டாம் வரிசையில் ஓரத்து நாற்காலி. குழந்தைகள் தினம் என்று புடவையில் ஒரு ரோஜாவைக் குத்திவிட்டிருக்கிறார்கள், ஊக்கு தோளில் உறுத்துகிறது. மடியில் அழைப்பிதழ், வழவழவென்று லேமினேஷன் போட்டது, மழைத்துளி விழுந்தால்கூட உருண்டு ஓடிவிடுகிறது. ‘பூமி எழுதிய சுவர்’ என்று பெரிய எழுத்தில். அதன் கீழே, பாறை உருவான விதத்திலேயே உருவான வாசிப்பறை. அதன் கீழே, வடிவமைப்பு தயாபரன், கலவை செண்பகவல்லி. செண்பகவல்லி நான்தான். பூமியே எழுதியிருந்தால் எங்கள் பெயர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எதிரே அந்த வாசிப்பறை நிற்கிறது, இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து புத்தகம் படிக்க. ரிப்பன் கட்டியாயிற்று. சேர்மன் வந்து ரிப்பன் வெட்டி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்து, முதல் கதையை அவர் வாயாலேயே படித்துக் காட்டுவாராம். கட்டடம் நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

நன்றாக இருக்கிறது என்றால் சும்மா இல்லை. செங்கல் இல்லை, பலகை அடைப்பு இல்லை. சுண்ணாம்புக்கல் குவாரியில் மலைமலையாகக் கிடக்கும் தூளைச் சலித்து, சுண்ணாம்பும் கொஞ்சம் சிமெண்டும் சேர்த்துக் குழைத்து, பம்ப் தள்ள, குழாய் வழியே ஏறி, இரும்புக் கையின் நுனியில் கயிறு மாதிரி விழும். கை சுற்றிச் சுற்றி வரும். ஒரு சுற்று ஒரு அடுக்கு. அடுக்கின் மேல் அடுக்கு, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு சுவர், நடுவே சூடு தணிய ஒரு கை அகலத்துக்கு வெற்றிடம். முதல் நாளே பிள்ளைகள் அதற்கு முறுக்கு மிஷின் என்று பெயர் வைத்துவிட்டார்கள், தயாபரன் சாருக்கு அது பிடிக்கவில்லை, பிரிண்டர் என்று சொல்லச் சொன்னார், பிள்ளைகள் பிரிண்டர் முறுக்கு என்றார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்கெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மண்ணில் ஒரு காலத்தில் கடல் இருந்தது, குவாரியில் எங்கே தட்டினாலும் சிப்பி வரும், சுருள் சுருளாகக் கல்லாகிப்போன நத்தை மாதிரி ஒன்று வரும். கடலடியில் சேறு படிந்து, அதன்மேல் சேறு படிந்து, இறுகிக் கல்லானது. அதையே நாமும் செய்வோம் என்று தயாபரன் சார் முதல்முறை சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்வானேன். நிலவியல் படித்துவிட்டுப் பத்து வருஷம் கம்பெனிகளுக்குக் கருங்கல் தரம் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். கல்லை உடைக்கத்தான் கூப்பிடுவார்கள். கல்லைச் செய்யக் கூப்பிட்ட முதல் ஆள் அவர். அந்த நன்றிதான் என் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. நன்றியாவது மண்ணாவது. கலவையில் எவ்வளவு தண்ணீர், அடி அடுக்கு எவ்வளவு இறுகியதும் மேல் அடுக்கு விழ வேண்டும், எல்லாம் நான் விரலால் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடித்தது. விரலில் லேசாக ஒட்ட வேண்டும். ஒட்டாமல் காய்ந்துவிட்டால் மேலே விழுவது சும்மா உட்கார்ந்திருக்கும், பிடிக்காது. இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள ஒரு பட்டமும் தேவையில்லை.

அமலோற்பவம் டீச்சர் வருகிறார். தலைமையாசிரியை. குடையைப் பிள்ளைகள் பக்கம் கொடுத்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு வருகிறார். “மேடம், புள்ளைங்க நனையுதுங்க. பெரியவரு வர்றப்ப வரட்டும், அதுங்கள இப்பவே உள்ள உக்கார வச்சிரட்டுமா?” “வேண்டாம் டீச்சர்.” ஏன் என்று கேட்கிற முகம். “ரிப்பன் வெட்டலையே,” என்றேன். ரிப்பன். என் வாயில் வந்த காரணத்தைப் பார். “வராண்டாவுல நிக்க வைங்க டீச்சர், அங்க சாரல் அடிக்காது.” அவர் தலையாட்டிவிட்டுப் போகிறார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்கூல்காரங்ககிட்ட பீதியைக் கிளப்பாதீங்க என்று தயாபரன் சார் காரில் வரும்போது சொன்னார், மென்மையாகத்தான் சொன்னார், அவருக்குக் கோபமே வராது, கோபம் வராத ஆட்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. ஃபங்ஷன் முடியட்டும் செண்பகவல்லி, அப்புறம் சிமெண்ட் பாலை ஊசி போட்டு அடைச்சிரலாம். சுவருக்கு ஊசி. காய்ச்சலா அதற்கு? மழை மட்டும் பெய்யாமல் இருந்தால் போதும் என்று விடியற்காலையிலிருந்து வேண்டிக்கொண்டு வந்தேன், ஐப்பசி முடிகிற நேரத்தில் மழை பெய்யக் கூடாது என்று வேண்டுகிற ஒரே பிறவி இந்த மாவட்டத்திலேயே நானாகத்தான் இருப்பேன். பெய்கிறது. சன்னமாக, விடாமல், உள்ளே ஊறும்படி பெய்கிறது. நான் அந்தச் சுவரில் ஒரு இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் தோள் உயரத்தில், சுற்றிலும் ஓடுகிற ஒரு அடுக்கை. அதற்கு மேல்தான் சுவர் உட்பக்கம் சாய்ந்து சாய்ந்து கூடிக் குகை மாதிரி கூரையாகிறது. கூரையின் பாரம் முழுக்க அந்த இடத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. எத்தனை அடுக்கு இருக்கிறது, அதை விட்டுவிட்டு வேறு எங்கேயாவது நிறுத்தியிருக்கக் கூடாதா பாவிகள்.

ஆயுத பூஜை. மிஷினுக்கு ஓய்வு. அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை, எங்கள் வீட்டில் அரிவாள்மனையிலிருந்து அப்பாவின் சைக்கிள் வரை குளிப்பாட்டிப் பொட்டு வைத்து உட்கார வைத்தவர்கள்தான் நாங்களும். பூஜைக்கு எடுத்து வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. பம்ப் ஓட்டுகிற கலியமூர்த்தி முன்கூட்டியே என்னிடம் வந்து சொன்னார், “மேடம், அன்னிக்கு மட்டும் மிஷின ஓட்டச் சொல்லாதீங்க, நான் தொட மாட்டேன்.” தொட வேண்டாம், நிறுத்துங்கள், நிறுத்தியதும் மேல் அடுக்கின்மேல் ஈரக் கோணியைப் போட்டு மூடுங்கள், காயவிடாதீர்கள், திரும்ப ஓட்டுவதற்கு முன் பிரஷ்ஷால் கீறிவிட்டு, சுண்ணாம்புப் பால் பூசிவிட்டு ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டு நான் கோவில்பட்டிக்கு பஸ் ஏறினேன். அவரும் போட்டிருக்கிறார் கோணியை. எடுக்கச் சொன்னது யார்? போட்டோவுக்காக எடுக்கச் சொன்னது யார்? கோணி போட்டா அசிங்கமா இருக்கு, ட்ரோன் மேலேர்ந்து எடுக்கும், எடுத்திருங்க. இரும்புக் கைக்கு மாலை, பம்புக்கு மாலை, அது போதாதென்று சுவரின் உச்சியில் சுற்றிலும் செவ்வந்திச் சரம். மஞ்சள் குழைத்துப் பட்டை பட்டையாக. வானத்திலிருந்து பார்த்தால் பெரிய பூ ஒன்று மலர்ந்திருப்பது போல இருக்குமாம். இருந்தது. நான் அந்த வீடியோவைப் பார்த்தேன், பின்னணியில் நாதஸ்வரம், இயந்திரத்தையும் வணங்கும் மண் என்று ஆண்குரல் ஒன்று உருகுகிறது. சாமி கும்பிடாத மனுஷர் தயாபரன் சார். கும்பிட்டிருந்தாலாவது பயந்து நடந்திருப்பார். வெயிலில் அன்றைக்கு முழுக்கக் காய்ந்தது, மறுநாளும் விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காகக் காய்ந்தது, அதற்கு மறுநாள் சரத்தின் நாரை மட்டும் உருவி எடுத்துவிட்டு மிஷினை ஓட்டிவிட்டார்கள். பூ உதிர்ந்து கிடந்தது கிடந்தபடி. நான் வந்து இறங்கும்போது அதன்மேல் மூன்று சுற்று ஏறியிருந்தது.

பிரித்துவிடுங்கள் சார் என்றேன். ஏறிய மூன்று சுற்றையும் எடுத்துவிடுவோம், இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது, கரண்டியால் வழித்தால் வந்துவிடும். அவர் சிரித்தார். சிரித்துவிட்டுச் சொன்னார், “செண்பகவல்லி, மலை என்ன ஒரே நாள்லயா வந்துச்சு? அதுவும் விட்டு விட்டுத்தானே படிஞ்சுது? நீங்க படிச்ச படிப்புதானே!” மலை என்ன ஒரே நாளிலா வந்தது. அன்றையிலிருந்து இது என் மண்டைக்குள் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி கிடக்கிறது, பல் தேய்க்கும்போது வருகிறது, சோறு போடும்போது வருகிறது. மலை என்ன ஒரே நாளிலா வந்தது. இல்லை சார், வரவில்லை. விட்டு விட்டுத்தான் படிந்தது. விட்ட இடத்தில் என்ன ஆகும் என்று குவாரிக்குப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பாறை அங்கேதான் பிளக்கும். படிவு நின்றுபோய், காய்ந்து, பிறகு மறுபடி படிந்த இடம் கோடி வருஷம் கழித்தும் தனியாகத் தெரியும். நாங்கள் காலேஜில் படிக்கும்போது எங்களை அழைத்துப்போய் முதலில் காட்டியதே அதைத்தான், பக்கவாட்டில் ஓடும் ஒரு மெல்லிய கோடு, அதில் ஆப்பு வைத்துத் தட்டினால் வீடளவு பாறை ஓசைப்படாமல் விலகிக் கொடுக்கிறது. மலையைப் பார்த்துச் செய்தோம் என்கிறீர்கள். மலையில் அழகைப் பார்த்தீர்கள், விரிசலைப் பார்க்கவில்லை. இதையெல்லாம் நான் அவரிடம் சொன்னேன், இவ்வளவு கோர்வையாக இல்லை, திக்கித் திணறி, கண்ணில் நீர் வந்துவிட்டது, கோபம் வந்தால் எனக்குக் கண்ணீர் வந்து தொலைக்கும், பார்க்கிறவர்கள் அழுகிறாள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவரும் கட்டிவிட்டார். டீ வரவழைத்தார். பிறகு கூரை முடிந்ததும் மணல் மூட்டைகளை மேலே அடுக்கிச் சோதனை பண்ணிக் காட்டினார், பார்த்தீங்களா, தாங்குது. தாங்கியது. காய்ந்த சுவர். வெயில் காலத்துக் குடையை விரித்துப் பார்த்து நல்ல குடை என்று சொல்வது போல.

கோவில்பட்டியில் எங்கள் தெருவில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. அதன் மதில் சுவர் ஓரமாக பாப்பாத்தி அக்கா மழைக்கு ஒதுங்கி நின்றாள். நான் எதிர் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு முந்தானையைப் பிழிந்தாள். சுவர் விழுந்தால் இடி மாதிரி சத்தம் வரும் என்றுதானே நினைப்போம். வரவில்லை. நனைந்த மூட்டையைத் தரையில் போட்டது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். அவள் நின்ற இடத்தில் மண். அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் காதில் இருக்கிறது, மழை பெய்தால் இருக்கிறது, என் வீட்டுக்காரர் தூக்கத்தில் புரண்டால்கூடச் சில சமயம் இருக்கிறது. நேற்று அவரிடம் சொன்னேன். “ஒனக்கு எதுக்கு இந்த வம்பு? டிசைன் அவரு பண்ணது, கையெழுத்து அவரு போட்டது. ஒரு மெயில் போட்டு வச்சுக்கோ, நாளைக்கு ஒன்னும் சொல்ல மாட்டாங்க.” நாளைக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். யார் சொல்ல மாட்டார்கள்? அந்தப் பிள்ளைகளா? வராண்டாவில் நிற்கிறார்கள், நீலப் பாவாடையும் நீல டவுசருமாக, ஒன்று மற்றொன்றின் சடையை இழுக்கிறது, ஒன்று தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. கோபத்தில் அழைப்பிதழின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருக்கிறேன். பயத்தில் இல்லை. பயத்திலும்தான்.

வந்துவிட்டது. முதலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். அந்த அடுக்கில், வாசலுக்கு இடது பக்கம், பென்சிலால் போட்டது போல ஒரு ஈரக் கோடு. மேலே ஊறிய தண்ணீர் இறங்கி வந்து, இறங்க வழி கிடைத்த இடத்தில் வெளியே வருகிறது. கோடு நீள்கிறது. நீண்டு, தடித்து, நிறம் மாறுகிறது. சிவப்பு. நல்ல சிவப்பு. எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை, பிறகு விளங்கியதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மஞ்சள். பட்டை பட்டையாக வைத்தார்களே, அந்த மஞ்சள். சுண்ணாம்போடு சேர்ந்து ஆரத்தியாகிவிட்டது. சுவர் தனக்குத் தானே ஆரத்தி எடுத்துக்கொள்கிறது. அதே நேரத்தில் கேட்டில் கார் ஹாரன், மேளம், தயாபரன் சார் குடையோடு ஓடுகிறார், இரண்டு டீச்சர்கள் தட்டில் ஆரத்தியோடு போகிறார்கள், தட்டில் இருப்பதும் சுவரில் வழிவதும் ஒரே நிறம், இதை யாருமே பார்க்கவில்லையா, யாருமே? “மிஸ், செவுத்துல ரத்தம் வருது!” சேர்மன் குடைக்கடியில் ஷாமியானாவுக்கு வந்து சேர்ந்தபோது வராண்டாவிலிருந்து ஒரு குரல். எல்லோரும் திரும்பினார்கள். இப்போதாவது, இப்போதாவது என்று எழுந்தேன். தயாபரன் சார் மைக்கைப் பிடித்துவிட்டார். “ரத்தம் இல்லடா கண்ணு! அதான் பாறையோட ரேகை. பாறையில இரும்பு படிஞ்சு செவப்பு வரி ஓடும் இல்லையா, அந்த மாதிரி நம்ம சுவரும் மழை பெஞ்சா நிறம் மாறும். மழையோட பேசுற சுவர் சார் இது!” சேர்மன் வாயைப் பிளந்து பார்த்தார். “பிரமாதம்ங்க,” என்றார். கைதட்டல். போன்கள் உயர்ந்தன. ஒரே நொடியில், மூச்சு வாங்காமல், அந்த மனுஷன் நாசத்தை டிசைனாக்கிவிட்டான். ஆமாம், மனுஷன், ஆக்கிவிட்டான். இனி மரியாதை இல்லை. “இந்த அறிவியலை நம்ம செண்பகவல்லி மேடம் ஒரு ரெண்டு வார்த்தையில சொல்வாங்க, ரிப்பன் அப்புறம் வெட்டிக்கலாம், அதுக்குள்ள புள்ளைங்க உள்ள வந்து உக்காரட்டும்.” அமலோற்பவம் டீச்சர் கையைக் காட்ட, வரிசை வராண்டாவை விட்டு இறங்கியது.

மைக்கை வாங்கினேன். ஈரமாக இருந்தது. “டீச்சர், பிள்ளைங்கள நிறுத்துங்க,” என்றேன். என் குரல் அவ்வளவு பெரிதாக நாலா பக்கமும் கேட்டதில் நானே திடுக்கிட்டேன். வரிசை நின்றது. கண்ணில் நீர் வருகிறது, வரட்டும், அழுகிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும். “இது இரும்பு இல்ல. மஞ்சள். வீட்டுல ஆரத்தி கரைப்பீங்கள்ல, மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா செவக்குமே, அதான். ஆயுத பூஜைக்கு வேலைய நிறுத்துனப்போ சுவத்து மேல மஞ்சளும் பூவும் வச்சாங்க. அதுக்கு மேலயே கட்டிட்டாங்க. அந்த எடத்துல சுவர் ஒட்டல. மேல இருக்கிற கூரை சும்மா உக்காந்திருக்கு.” தயாபரன் சிரித்த முகத்தோடு பக்கத்தில் வந்தார், சிரித்த முகத்தோடே பல்லுக்கு நடுவில் சொன்னார், “என்னங்க பண்றீங்க, போதும் குடுங்க.” சேர்மன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னால் ஒருவர் பழக்க தோஷத்தில் கை தட்டினார். நம்பவில்லை. எப்படி நம்புவார்கள், சுவர் அவ்வளவு அழகாக நிற்கிறது, அழகாக நிற்கிறதை எவன் சந்தேகப்படுவான்? மலை என்ன ஒரே நாளிலா வந்தது. மைக்கை நாற்காலியில் போட்டேன், அது கீச்சென்று கத்தியது. மழையில் இறங்கிச் சுவரண்டை போனேன். என் கையில் அழைப்பிதழ் இருந்தது. அதன் ஓரத்தைச் சிவப்புக் கோட்டில் வைத்து அழுத்தினேன். செவ்வந்தி இதழ்கள் அழுகிப்போய் விட்டுச்சென்ற சந்து. தடுக்கவே இல்லை. தபால் பெட்டியில் போடுவது போலப் போனது, பூமி எழுதிய சுவர் போனது, வடிவமைப்பு தயாபரன் போனது, கலவை செண்பகவல்லி போனது. இரண்டு சுவருக்கு நடுவே நாங்கள் விட்டிருந்த வெற்றிடத்தில் அது விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

மேளக்காரர்கள் என்ன ஏது என்று தெரியாமல் ஒருமுறை தட்டிவிட்டு நிறுத்தினார்கள். “அட்டைதானே, மேலாப்புல சொருகிருக்கும்,” என்றார் தயாபரன், சேர்மனைப் பார்த்து. நான் தயாபரன் முன்னால் கையை நீட்டினேன். “உங்க இன்விடேஷன் கார்டைக் குடுங்க சார்.” அவர் கொடுக்கவில்லை. சட்டைப்பைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போதும் கோபம் தணியவில்லை, இன்னும் ஏறியது, கையை மடக்காமல் அப்படியே நின்றேன், மழை உள்ளங்கையில் விழுந்து வழிந்தது. பின்னாலிருந்து யாரோ வந்து அதில் ஒரு கார்டை வைத்தார்கள். அமலோற்பவம் டீச்சர். வைத்துவிட்டுத் திரும்பி, “புள்ளைங்களா, அப்படியே திரும்பு. எல்லாரும் கிளாஸுக்கு. ஒருத்தரும் இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கக் கூடாது,” என்று கத்தினார். எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனார்கள். கடைசிப் பிள்ளை வராண்டா ஏறும் வரை காத்திருந்துவிட்டு, டீச்சரின் கார்டைக் கோட்டில் வைத்தேன். சேர்மன் குடையை விட்டு வெளியே வந்து, குனிந்து, பக்கத்திலிருந்து பார்த்தார். அதுவும் போனது.